வெற்றுத்தாள் என்று பதிவானது

இல்லாத ஒன்றை இருக்கிறது என்று எழுதிவிட்டேனாம். கதை எழுதுகிறவளாக இருந்திருந்தால் இதற்குக் கை தட்டியிருப்பார்கள். நான் எழுதியது ஆய்வேடு. அதனால் விசாரணைக் குழு வைத்துவிட்டார்கள், அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு.

எங்கள் ஊர் அணை வெள்ளத்தைப் பற்றிய ஆய்வு அது. நான் பிறப்பதற்கு முன்பு, ஒரே ராத்திரியில் ஆற்றோரத் தெருக்கள் எல்லாம் அடித்துக்கொண்டு போன கதை. "சங்கு ஊதினாங்க, ஜனங்கதான் எழுந்து ஓடல, பெட்டியையும் பீரோவையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க" என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். செத்தவர்கள் மேலேயே பழியைப் போடுவது எவ்வளவு சௌகரியம் பாருங்கள், அவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. ஆனால் அந்த வெள்ளத்தை விசாரித்த அறிக்கையில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அடுத்து, மூன்றாக மடித்த ஒரு நீளத் தாள் இருந்தது. அணையில் மணிக்கு மணி குறித்துவைத்த அட்டவணை. மதகுகளைத் திறந்தது இரவு ஒரு மணிக்கு. அபாயச் சங்கு ஊதியது மூன்று மணிக்கு. தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகுதான் சங்கே ஊதியிருக்கிறது. என் ஆய்வேடு முழுக்க அந்த இரண்டு மணி நேரத்தின் மேல்தான் நிற்கிறது.

அதைப் படித்த தேர்வாளர், ஒழுங்கான மனிதர், நூலகத்தின் இணையதளத்தில் அந்த அறிக்கையைத் திறந்து பார்த்திருக்கிறார். "குறிப்பிட்ட இடத்தில் வெற்றுத்தாள்தான் உள்ளது. அட்டவணை ஆய்வாளரின் கற்பனை" என்று எழுதிவிட்டார். இந்த ஒரு வரி நிலைத்துவிட்டால் பட்டம் கிடையாது, மறுபடி பதிவு செய்ய முடியாது, நான் பாடம் நடத்துகிற கல்லூரியிலும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். பொய்க்காரி என்ற பேர் ஒட்டிக்கொண்டால் எந்தச் சோப்புக்கும் போகாது.

அசல் புத்தகத்தைக் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அசல் இல்லை. பழைய அறிக்கைகளையெல்லாம் ஸ்கேன் செய்து முடித்ததும் நூலகம் அவற்றைக் காகித ஆலைக்கு அனுப்பிவிட்டது. நான் அதைப் பார்த்த காலத்தில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் பென்சிலால் பார்த்து எழுதிக்கொண்டதுதான் என்னிடம் இருந்தது. என் கையெழுத்தே எனக்குச் சாட்சி சொல்ல முடியுமா? வேறு எங்காவது ஒரு பிரதி இருக்குமா என்று அணை அலுவலகத்திலிருந்து ஆவணக் காப்பகம் வரைக்கும் எழுதிக் கேட்டேன். எல்லோரும் மறக்காமல் பதில் போட்டார்கள். எல்லாப் பதிலிலும் ஒரே இணைப்பு, அதே வெற்றுத்தாளுக்கு.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த ஸ்கேன் வேலை முழுவதற்கும் பொறுப்பாளர் என் நாத்தனார்.

வீட்டுக்காரரின் தங்கை. வீட்டில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பேர். ஹோட்டலுக்குப் போனால் தம்ளரைத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள், அதற்கு முன்னால் துடைக்கிற துணியையும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். ஒரு வாரத்துக்கு முன்பு போனில் விஷயத்தைச் சொன்னேன். "எங்க வேலையில தப்பு வராது அண்ணி, நீங்க வேற ஏதாவது புக்குல பாத்திருப்பீங்க" என்றாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. நடுவில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிப்பார், வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படாது. விசாரணை நாளன்று காலை அவரே காரை எடுத்து வாசலில் நிறுத்தினார்.

"நேர்ல போய் உக்காந்து பேசுங்க ரெண்டு பேரும். பாத்துக்கலாம்."

இந்தப் "பாத்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையை வைத்தே அவர் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டார். ஆனால் எனக்கும் வேறு வழி இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

நூலகத்தில் முன்பு நான் உட்கார்ந்து படித்த கூடம்தான் இப்போது ஸ்கேன் அறை. அலமாரிகளைக் காணோம். அவை நின்ற இடத்தில் தரையில் மட்டும் நீள நீளமாக நிறம் மாறாத பட்டைகள். ஒரு மூலையில் புத்தகத்தின் முதுகை வெட்டுகிற கத்தி எந்திரம். வெட்டியதும் புத்தகம் தனித்தனித் தாளாகப் பிரிந்துவிடும். பக்கத்தில், அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படம் எடுக்கிற எந்திரம். வேலை முடிந்துவிட்டதால் இரண்டுக்கும் உறை போட்டிருந்தாள். நாத்தனார் கணினி முன்னால் உட்கார்ந்து விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. காப்பி சொல்லட்டுமா?"

"காப்பி வேணாம். அந்தப் பக்கத்தைக் காட்டு."

காட்டினாள். வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம். கீழே சின்ன எழுத்தில் 'வெற்றுத்தாள்' என்று குறிப்பு. எந்திரமே போட்ட குறிப்பு.

"நான் இதை இந்த ரெண்டு கையால விரிச்சிருக்கேன்" என்றேன். "மேஜை பத்தல. எதிர்ல உக்காந்திருந்தவர்கிட்ட கொஞ்சம் நகருங்கன்னு சொல்லி விரிச்சேன். அதுவும் கற்பனையா?"

"கோவப்படாதீங்க. மடிச்ச தாள் இருந்தா அதைத் தனியா எடுத்துடுவோம். விரிச்சு வெச்சு, அதோ மேல தொங்குதே, அந்தக் கேமராவுல எடுப்போம். அதான் முறை."

"இதை எடுத்தீங்களா?"

"எடுத்திருந்தா இங்க இருக்குமே. கை தவறி யாராவது விட்டிருந்தாலும் மெஷின் விடாது. அளவு பெருசா இருந்தா உடனே கத்தும்."

"மடிச்ச மேனிக்கே உள்ள போனா அளவு பெருசா இருக்குமா?"

நான் மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். சரிபார்க்கிறவர்களுக்கு அவளே அச்சடித்து ஒட்டிய அறிவிப்பு, கோணல் இல்லாமல், நாலு மூலையிலும் ஒரே அளவு டேப் போட்டு: 'வெற்றுத்தாள் என்று பதிவானவற்றைத் திறந்து பார்க்க வேண்டாம். நேரம் வீண்.'

அவள் கணினியில் எதையோ தேடினாள். விரித்து எடுத்த தாள்களின் பட்டியல் வந்தது. அவ்வளவு பெரிய நூலகத்துக்கு அது ஒரே திரையில் அடங்கிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"கோணலா மடிச்சதெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு மெஷின் கத்தியிருக்கு, நாங்களும் எடுத்துட்டோம்." குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒழுங்கா, பக்கத்தோட அளவுக்குச் சரியா மடிச்சதெல்லாம்..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அச்சு உள்பக்கம் போக மடித்த தாளை வெளியிலிருந்து படம் பிடித்தால் முதுகுதான் தெரியும். முதுகில் எழுத்து இல்லை. எழுத்து இல்லை என்றால் வெற்றுத்தாள். வெற்றுத்தாளை யாரும் திறந்து பார்க்கக் கூடாது. பார்க்காமலே எல்லாவற்றையும் ஆலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அட்டவணை எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று அதுவரை ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"அப்ப என் கதை முடிஞ்சுது" என்றேன்.

"இருங்க அண்ணி. ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். இணையதளத்தில் நாம் பார்க்கிற பக்கம் எந்திரம் எடுத்த படம் இல்லை. எடுத்த படத்தை ஒரு மென்பொருள் வெளுத்துக் கொடுக்கிறது. பழுப்பு, கறை, பூச்சி அரித்த தடம், மறுபக்கத்து மை ஊறித் தெரிவது, எல்லாவற்றையும் அழுக்கு என்று துடைத்துவிடும். துடைத்த பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு. துடைப்பதற்கு முன்னால் எடுத்த மூலப் படங்கள் வேறு எங்கோ ஒரு கம்பெனியின் வாடகைச் சேமிப்பகத்தில் கிடக்கின்றன.

"அந்தத் தாள் மெலிசா?" என்று கேட்டாள்.

"மெலிசுதான். விரிக்கும்போது கிழிஞ்சிடுமோன்னு பயந்தேன்."

"அப்படின்னா மை பின்பக்கம் ஊறியிருக்கும். மூலப் படத்துல நிழலாத் தெரியலாம்." சொல்லிக்கொண்டே சேமிப்பகத்தைத் திறந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐயோ, இன்னிக்கா."

திரையில் துறைவாரியாக ஒரு பட்டியல், அகர வரிசையில். மேலே இருந்ததெல்லாம் சிவப்பில்: 'நீக்கப்பட்டது', 'நீக்கப்பட்டது', 'நீக்கப்பட்டது'. வாடகை ஒப்பந்தம் முடிகிறதாம். வெளுத்த பிரதி கையில் இருக்கும்போது அழுக்குப் பிரதிக்கு எதற்கு வாடகை என்று நிர்வாகம் முடிவு செய்து, அன்று காலையிலிருந்து அழித்துக்கொண்டிருக்கிறார்கள். அ, ஆ போய்விட்டது. க போய்விட்டது, ச போய்விட்டது. 'தொழிலாளர்' என்ற வரி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாயிற்று. அடுத்தது 'நகராட்சி', அதற்கு அடுத்தது 'நிலவரி', அதற்கும் கீழே 'நீர்ப்பாசனம்'. என் அறிக்கை அதில்தான் இருந்தது.

"நிறுத்து" என்றேன்.

"என்னால முடியாது. இயக்குநர் சொல்லணும்."

போனைப் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். இயக்குநர் நிதானமான மனிதர், பேச்சில் கூட ஓட்டம் கிடையாது.

"இப்ப எதுக்கும்மா நிறுத்தணும்?"

"ஒரு படத்தைப் பாக்கணும் சார்."

"ஒரு படத்துக்காகவா? நாளைக்குப் பேசிக்கலாமே."

"நாளைக்கு இருக்காது சார்."

"அப்படின்னா காரணம் எழுதி அனுப்புங்க. சும்மா நிறுத்துன்னு சொன்னா கம்பெனிக்காரன் என்னைக் கேக்க மாட்டானா? எழுத்துல இருக்கணும்."

போனை வைத்துவிட்டார். காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மடித்த தாள்களை விரிக்காமலே எடுத்துவிட்டோம், அசல்களையும் அழித்துவிட்டோம். அந்த வரியை எழுதிக் கீழே தன் பேரைப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒப்பந்த வேலையில் இத்தனை வருடம் தேய்ந்தவளுக்கு அந்த மாதம்தான் நிரந்தர ஆணை வருவதாக இருந்தது. பெரிய அதிகாரிகள் வந்து, பக்கங்கள் எவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

'நகராட்சி' சிவப்பாயிற்று.

அவள் விசைப்பலகை மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் நல்லவள் வேஷம் போடப்போவதில்லை. அவளுக்காக அந்த நேரத்தில் எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. எழுதித் தொலையேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. எழுதினால் அவள் தலை உருளும், எழுதாவிட்டால் என் தலை. இரண்டில் எது என்று என்னைக் கேட்டிருந்தால் யோசிக்கவே மாட்டேன்.

"நீங்க ஏன் அண்ணி அன்னிக்கே இதைச் சொல்லல?" என்றாள், அழுகிற குரலில்.

"சொன்னேன். எங்க வேலையில தப்பு வராதுன்னு நீதான் போனை வெச்ச."

"நீங்க சொன்ன விதம் அப்படி."

"சரி, நான் வாயாடி. ஒத்துக்கறேன். எழுது."

எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்தாள். 'சில தாள்கள்' என்று எழுதியிருந்ததில் 'சில' என்பதை எடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் எடுத்தாள். அனுப்பினாள்.

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. 'நிலவரி'க்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இயக்குநர் எங்கள் கடிதத்தைத் திறந்தாரா, டீ குடிக்கப் போனாரா, தெரியாது. நாத்தனார் திரும்ப அதே விசைப்பலகையைத் துடைக்கத் தொடங்கினாள். நான் அந்தத் துணியைப் பிடுங்கி மேஜை மேல் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

'நிலவரி' சிவப்பாயிற்று. 'நீர்ப்பாசனம்' பக்கத்தில் வட்டம் வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் நின்றது. 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று மஞ்சளில் எழுத்து வந்தது.

உடனே இயக்குநரின் போன். அவள் எடுக்கவில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு அறிக்கையைத் தேடினாள். இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு, அதற்கு அடுத்தது. படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. பழுப்பேறிய தாள், ஓரத்தில் ஈரம் பட்ட வளையம், நடுவில் எறும்பு ஊர்ந்த மாதிரி சாம்பல் நிறத்தில் என்னவோ. அசிங்கமான பக்கம்.

"திருப்பறேன்" என்றாள். மை ஊறித் தெரிந்ததால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறியிருந்தது. படத்தை இடவலமாகப் புரட்டினாள். நிழலைக் கருக்கினாள், பழுப்பைக் குறைத்தாள், ரொம்பக் குறைந்துபோனதும் மறுபடி கூட்டினாள். கட்டங்கள் தெரிந்தன. எண்கள் தெரிந்தன.

நான் பையிலிருந்து என் பென்சில் பிரதியை எடுத்துப் பேச வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க எதுவும் சொல்லாதீங்க. நீங்க சொன்னா எனக்கு அப்படியே தெரியும். நான் படிக்கிறேன், நீங்க உங்க தாளைப் பாத்துக்கிட்டு வாங்க. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க."

சுத்தக்காரி என்று சும்மா பேர் வைக்கவில்லை. படிக்கத் தொடங்கினாள்.

"தலைப்பு, திறந்த மதகுகள். பக்கத்துக் கட்டம், சங்கு. முதல் வரி, கோடு. ரெண்டாவது, கோடு. மூணாவது வரி, ரெண்டு மதகு. சங்குக் கட்டத்துல கோடு. நாலாவது, ஏழு மதகு. சங்கு, கோடுதான். அஞ்சாவது, பதினொண்ணு. சங்கு..." திரைக்கு மூக்கை ஒட்டினாள். "ஊதப்பட்டது."

"சரி" என்றேன்.

தாளின் மறுமுகத்தையும் திறந்தாள். அதில் நேரமும் நீர்மட்டமும். மூன்றாவது வரியில் ஒரு மணி. ஐந்தாவது வரியில் மூன்று மணி. ஒரு எண் மாறவில்லை. நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளும் அழுதாள், ஆனால் அவள் வேறு காரணத்துக்காக.

மூன்றாவது மடிப்பு கிடைக்கவில்லை. அது உள்ளே போய் மாட்டிக்கொண்ட பகுதி, அதன் முதுகு எந்தப் பக்கமும் தெரியாது. மதகைத் திறக்க உத்தரவிட்டது யார் என்ற கட்டம் அதில்தான் இருந்தது. அது இனி என் பென்சில் எழுத்தில் மட்டும்தான் உண்டு, நம்புகிறவர்கள் நம்பலாம்.

காரில் நாங்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"சொன்னேன்ல, பாத்துக்கலாம்னு."

"வண்டியைப் பாத்து ஓட்டு" என்று அவருடைய தங்கை சொன்னாள். நான் சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று. அவள் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. இயக்குநர், மறுபடி இயக்குநர். அவளை யாரும் குழுவுக்குக் கூப்பிடவில்லை. படத்தைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாலே போதும். "நான் வரேன்" என்று தானாகத்தான் ஏறினாள்.

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவி, ஓய்வுபெறப்போகிற பேராசிரியை. ஒரு பக்கம் பல்கலைக்கழகப் பதிவாளர், வாயே திறக்காதவர். இன்னொரு பக்கம் அந்தத் தேர்வாளர். நான் அவரை அதற்கு முன்பு பார்த்ததில்லை. எழுத்தை வைத்துக் கொம்பு முளைத்த ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, மரியாதையாக எழுந்து நின்று எங்களை உட்காரச் சொன்னார். அவரிடம் சொல்வதற்கென்று வழியெல்லாம் நான் கூர்தீட்டிக்கொண்டு வந்த நாலு வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

நாத்தனார் தான் யார் என்று சொன்னாள். என் உறவு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"உறவுங்கறீங்க" என்றார் தேர்வாளர். "படத்துல எது வேணும்னாலும் செய்யலாம் இந்தக் காலத்துல. நீங்க கொண்டுவந்ததை எப்படி நம்பறது?"

"நான் கொண்டுவந்ததைப் பாக்க வேணாம் சார். உங்க கணினியிலயே திறங்க. படம் சேமிப்பகத்துல இருக்கு, எடுத்த தேதியோட. அங்க இருக்கறதை அழிக்கலாம், ஒரு புள்ளிகூட மாத்த முடியாது. வழி மட்டும் நான் சொல்றேன்."

அவரே திறந்தார். அவரே புரட்டினார், அவரே கருக்கினார். எப்படி என்று அவள் சொல்லச் சொல்லச் செய்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக என் ஆய்வேட்டோடு ஒத்துப் பார்த்தார். வேகமாகப் பார்த்துத் தலையாட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கடைசி வரி வரைக்கும் பார்த்தார்.

"இருக்கு" என்றார். "அட்டவணை இருக்கு. இவங்க எழுதினது சரி. மூணாவது மடிப்பு தெரியல, ஆனா தெரியற ரெண்டும் எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கறப்ப அதைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் இல்ல."

தலைவி பெருமூச்சு விட்டார். குற்றச்சாட்டைத் திரும்பப் பெறும் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவி போட்டார், பதிவாளர் போட்டார். தேர்வாளர் பேனாவை எடுத்தார். அதற்குள் தலைவி நாத்தனாரைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கும்மா?"

அவள் மென்று விழுங்கவில்லை. "மடிச்ச தாள் எத்தனை இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது மேடம். விரிச்சுப் பாக்காம அனுப்பினோம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது. நான்தான் பொறுப்பு. எழுதியும் குடுத்துட்டேன்."

தேர்வாளர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் அந்தப் பழுப்புப் பக்கம்தான் இருந்தது.

"போன வருஷம் ஒரு பொண்ணு" என்றார், யாரையும் பார்க்காமல். "சிறையில செத்த கைதிகளைப் பத்தி எழுதியிருந்துச்சு. ஒரு அட்டவணையைக் காட்டி, அதுல பேர் பேரா இருக்குன்னுச்சு. நான் பாத்தேன். வெற்றுத்தாள். மடிச்சிருந்துச்சு சார், நான் விரிச்சுப் பாத்தேன் சார்னு அந்தப் பொண்ணும் சொல்லிச்சு. இங்கதான், இவங்க உக்காந்திருக்கற நாற்காலியில." நாத்தனார் பக்கம் திரும்பினார். "அதையும் இப்படிப் பாக்க முடியுமா? நான் பக்க எண்ணைத் தேடித் தரேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"சிறைத் துறை சார்... ச வரிசை. அது காலையிலயே போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"அழிச்சாச்சு சார்."

"வேற எங்கயாவது?"

"இல்ல சார்."

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டேன். கூர்தீட்டி வைத்திருந்த நாலு வாக்கியத்தில் இது இல்லை.

"தெரியாது" என்றார். "மறுபடி பதிவு பண்ண முடியாதுன்னு நான்தான் எழுதினேன்."

பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டார். கையெழுத்துப் போட மறுக்கவில்லை, மறந்துபோய்விட்டார் என்றுதான் தோன்றியது. மூடி திறந்தபடியே அந்தப் பேனா தாளுக்குப் பக்கத்தில் கிடந்தது. பேர் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு நெஞ்சு எரிந்தது. அதே நெஞ்சுக்குத்தான் அந்த மூன்றாவது கையெழுத்தும் வேண்டியிருந்தது.

பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். போட்டார்.